ஓமானில் அகப்பட்ட மச்சாளை மீட்க வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. தென்மராட்சியில இருந்து என்ர மச்சாள் மாசியில் விசிட் விசாவில மஸ்கட் போனவா. கடையில வேலை எண்டுதான் ஏஜென்ட் சொன்னவன், அங்க வீட்டுவேலை. இறங்கின உடனேயே பாஸ்போட்டைப் பறிச்சிட்டினம். சம்பளம் ஒரு சதமும் இல்லை, வீடு மாத்தி மாத்தி அனுப்புகினம். திரும்பி வாறதெண்டால் 1500 ரியால் கட்டட்டாம். குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுத்தான் குரல்பதிவு அனுப்புறா. பிள்ளையள் அதையே திரும்பத் திரும்பக் கேக்குதுகள்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 இலக்கத்தில முறைப்பாடு பதிஞ்சாச்சு, தூதரகத்துக்கும் எழுதியாச்சு. பொலிஸில இது காசுப் பிணக்கு எண்டு திருப்பி அனுப்பிட்டினம். ஏமாத்திக் கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கிறது தண்டனைச் சட்டக்கோவை 360சி பிரிவின்படி மனித வியாபாரம். விசா, டிக்கெட், குரல்பதிவு எல்லாம் கையில இருக்கு.

இதை மனித வியாபார வழக்காகவே பதிய வைக்க, யாழ்ப்பாணத்தில இலவசமாச் சட்ட உதவி செய்யிற அமைப்பு எது?