ஹன்னா ரிக்கன்: ஆடியில் இங்கே வருகிறவர்களுக்கு

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆடி விடுமுறைக்கு நோர்வேயில் நான் இருக்கும் திரொண்ட்ஹைமுக்கு வரப்போவதாக ரொறன்ரோ அக்கா எழுதியிருந்தார். மலையும் கடலும் எப்படியும் பார்ப்பீர்கள். ஹன்னா ரிக்கன் நெய்த படங்களுக்கு முன்னால் உங்களை ஒருமுறை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

1894இல் சுவீடனில், மால்மோவில் பிறந்தவர். முறையாக ஓவியம் படித்தார். நோர்வே ஓவியர் ஹான்ஸ் ரிக்கனைக் கட்டி, 1924இல், இங்கிருந்து படகில் போகக்கூடிய ஓர்லாண்டில் ஒரு சின்னக் கமத்துக்குக் குடிவந்தார். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. தறியைக் கணவர் செய்து கொடுத்தார். ஆட்டு ரோமத்தை ஹன்னாவே நூற்றார். கற்பாசி, பேர்ச் இலை என்று சுற்றுவட்டாரத்தில் கிடைத்ததைக் காய்ச்சிச் சாயம் எடுத்தார்.

அவருடைய நீலத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவுரி நீலம் வெறும் தண்ணீரில் கரையாது; புளித்த சலத்தில் (சிறுநீரில்) இளஞ்சூட்டில் ஊறினால் கரையும். அதற்காக வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் சலம் கேட்டு வாங்கிப் பானையில் சேர்ப்பாராம். நூலை வெளியே தூக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணுக்கு முன்னாலேயே நீலமாக மாறும்.

மாதிரிப் படம் கீறி வைத்துக்கொண்டு நெய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மனதில் இருப்பது நேரே தறிக்கு வரும். மனதில் இருந்தது அன்றைய உலகச் செய்தி. முசோலினி எத்தியோப்பியாவுக்குள் படையை அனுப்பிய 1935லேயே, அவன் தலையை ஈட்டியில் குத்தி நெய்துவிட்டார். 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தத் தலையை மறைத்துத்தான் படத்தை மாட்டினார்கள்.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது ‘6 அக்டோபர் 1942’ என்ற படம். அன்று, போரில் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் இந்த நகரத்தில் அவசரகாலச் சட்டம் போட்டு, நாடக அரங்க இயக்குநர் ஹென்றி கிளெடிட்ஸ் உட்படப் பத்துப் பேரைச் சுட்டுக்கொன்றார்கள். படத்தில் ஒரு பக்கம், கொந்தளிக்கும் கடலில் ஹன்னாவும் ஹான்ஸும் மகளும் சின்னப் படகொன்றில் இருக்கிறார்கள். எங்களில் எத்தனை பேருக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா நகர முடியும்? ஜெர்மன் படையினர் நடமாடிய அந்த நாட்களிலேயே தன் படங்களை வீட்டுக்கு வெளியே கொடியில் தொங்கவிட்டவர் அவர். 1944இல் கணவரைப் பிடித்துக் கிரினி சிறை முகாமில் அடைத்தார்கள். அப்போதும் தறி ஓயவில்லை.

1964இல் வெனிஸ் கலை விழாவில் நோர்வே சார்பில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. 1970இல் காலமானார்.

அவருடைய ‘நாம் ஒரு நட்சத்திரத்தில் வாழ்கிறோம்’ ஒஸ்லோவில் அரசாங்கக் கட்டடத்தில் தொங்கியது. 2011 யூலை 22 குண்டுவெடிப்பில் அது கிழிந்தது. பிறகு கிழிசலைச் சேர்த்துத் தைத்தவர்கள், தையல் வடு தெரியும்படியே விட்டிருக்கிறார்கள்.

அக்கா, வருகிற திகதியை முன்கூட்டியே எழுதுங்கள். படங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் படகில் ஓர்லாண்ட் பக்கமும் போய் வரலாம். நான் லீவு போட்டு வைக்கிறேன்.