எச்டிஎம்எல் முடிச்சதும் நேரா ரியாக்டா?

கோத்தகிரி_மலர்:
வணக்கம். பி.காம் முடிச்சுட்டு வீட்டுல இருந்தே வெப் டெவலப்மென்ட் படிக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு வரும். பக்கத்தை இயங்க வைக்கற ஜாவாஸ்கிரிப்ட்ல இப்பத்தான் ஃபங்ஷன் வரைக்கும். சித்தப்பா அவரோட ஹோம்ஸ்டேக்கு ஒரு சைட் கேக்கறார். அறை போட்டோ, வாடகை, விசாரிக்க ஒரு ஃபார்ம், வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். யூடியூப்ல எல்லாரும் "நேரா ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட்ல திரை கட்டற லைப்ரரி) போ"ங்கறாங்க. மழை வந்தா இங்க நெட் இழுக்குது, ரியாக்டை இறக்கற என்பிஎம் இன்ஸ்டால் பாதியில நிக்குது. என்ன பண்றது?

லவ்டேல்_லோக்கல்:
கோயமுத்தூர்ல வேலைக்குப் போறதா இருந்தா ரியாக்ட்தான் கேப்பாங்க. அதுலயே இறங்கிடுங்க. ஜாவாஸ்கிரிப்ட் போகப் போக வந்துடும்.

குன்னூர்க்காரன்:
அந்தப் "போகப் போக வந்துடும்"தான் எனக்கு ஒத்துவரலை. இங்க பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். ஒருத்தன் ரியாக்ட்ல டார்க் மோட் வரைக்கும் வெச்சுட்டான். சப்மிட் அமுக்கினா பக்கம் ரீலோட் ஆகி, அடிச்சதெல்லாம் போயிடுது. ரியாக்டைத் திட்டிட்டு உக்காந்திருந்தான். ஃபார்ம்னா பிரவுசர் அப்படித்தான் செய்யும், ப்ரிவென்ட் டிஃபால்ட் போட்டு நாமதான் நிறுத்தணும். அதே மாதிரி, ஸ்டேட்ல (திரைக்காக ரியாக்ட் நினைவுல வெச்சிருக்கற தகவல்) இருக்கற அரேக்குள்ள, அதாவது பட்டியலுக்குள்ள, புதுசா ஒண்ணைப் புஷ் பண்ணி அதையே திருப்பிக் குடுத்தா, பழைய பட்டியல்தான்னு ரியாக்ட் நினைச்சுக்கும், திரை மாறாது. ரெஃபரன்ஸ்னா (பட்டியல் இருக்கற இடத்தோட முகவரி மாதிரி) என்னன்னு புரிஞ்சவங்களுக்கு அது சின்ன வேலை. புரியாதவங்களுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

சித்தப்பா சைட்டுக்கு ரியாக்ட் எதுக்கும்மா? ஃபார்ம்ல ரெக்வயர்ட் போட்டா, காலியா விட்டுட்டாங்களான்னு பிரவுசரே பாத்துக்கும். டைப் டேட் போட்டா தேதி எடுக்கற பெட்டி தானா வரும். ஆனா ஃபார்ம்ல வர்றதை வாங்க ஒரு சர்வர் வேணும், இப்போதைக்கு வாட்ஸ்அப் லிங்க் போதும்.

பாரம் எல்லாம் போட்டோவுலதான். போன்ல எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏத்தாதீங்க. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைச்சு, வெப்பி (சின்ன சைஸ் பட வடிவம்) ஃபார்மட்டுக்கு மாத்துங்க. ரியாக்ட் சுருக்கினா அந்த 4 எம்பி முன்னாடி ரொம்பச் சின்னதுதான், அது மேல பழி போடறது நியாயமில்லை.

லவ்டேல் நண்பரே, ரியாக்ட் மாதிரி சைட் கட்டற கூகுளோட ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல வந்துச்சு. 2021 கடைசியோட கூகுள் ஆதரவை நிறுத்திடுச்சு. அதை மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?

லவ்டேல்_லோக்கல்:
அவங்களும் பத்து வருஷம் சம்பளம் வாங்கினாங்களே சார் 🙂

குன்னூர்க்காரன்:
அது சரிதான்.

கோத்தகிரி_மலர்:
ரொம்ப நன்றிண்ணா. எந்த நாள் அறை காலின்னு காட்டற காலண்டர் வேணும்னா?

குன்னூர்க்காரன்:
அங்கதான் ரியாக்டுக்கு வேலை இருக்கு. ஆனா முதல்ல வெறும் ஜாவாஸ்கிரிப்ட்லயே ஒரு மாசக் காலண்டரை எழுதிப் பாருங்க. தேதியைத் தொட்டா நிறம் மாறணும், மொத்த வாடகை மாறணும், பட்டனும் திறக்கணும். ஒண்ணை மாத்தி இன்னொண்ணை மறந்து எரிச்சல் வரும். அப்ப ரியாக்டைத் திறங்க, ஸ்டேட் எதுக்குன்னு தனியா யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

என்பிஎம் இன்ஸ்டாலை நெட் நல்லா இருக்கறப்ப ஒருதரம் முழுசா ஓட்டிடுங்க. இறக்கினது கேஷ்ல (கம்ப்யூட்டர்லயே இருக்கற சேமிப்பு) இருக்கும். அடுத்த தடவை ப்ரிஃபர் ஆஃப்லைன் போட்டா பெரும்பாலும் அதுல இருந்தே எடுத்துக்கும்.