தீபாவளிப் பை: கைப்பிடியே ஜடையாக வருமா?

லெபோ பசார் புடவைக்கடை: பினாங்கில் 2011-லிருந்து நெகிழிப்பை இலவசமில்லை, நல்ல துணிப்பையை யாரும் வீசுவதில்லை. பெண்ணின் பின்தலையை அச்சடித்து, கைப்பிடியை ஜடையாக்கி 500 பை வேண்டும். எதைக் கவனிக்கணும்?

அச்சுப்பட்டறை: நான்-வோவன் (நெய்யாத செயற்கைத் துணி) என்றால் 80 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 80 கிராம் கனம்) கீழே போகாதீங்க அக்கா. ஜடைக்குக் கறுப்புப் பருத்திக் கயிறு, மூன்று புரி. முனையை உள்ளே 4 செ.மீ. விட்டு, கட்டம்போட்டுக் குறுக்கே தைக்கணும்; சூட்டில் ஒட்டினால் கனத்தில் பிய்யும். கைப்பிடி இரண்டு, அதனால் மறுபக்கமும் தலை வேண்டும். இல்லாவிட்டால் ஜடை அந்தரத்தில் தொங்கும்!

மல்லிகைச் சரத்துக்கு வெள்ளை மையைக் கறுப்புக் கூந்தல்மேல் ஒரே தடவை இழுத்தால் சாம்பலாகத் தெரியும். காயவிட்டு இன்னொரு தடவை வெள்ளை இழுக்கச் சொல்லுங்க.

லெபோ பசார் புடவைக்கடை: கடைப் பெயர் எங்கே?

வடிவமைப்பாளர்: பக்கவாட்டு மடிப்பில். பையைத் தொங்கவிட்டு நடந்தால் பின்னால் வருபவர் கண்ணில் படுவது அதுதான். எழுத்துகளைக் கீழ்க்கீழாக அடுக்காதீங்க, கொம்பும் காலும் பிரிஞ்சிடும், வரியையே திருப்புங்க. அச்சகத்தில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் 'கொ' உடைஞ்சு வரும், எழுத்தை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றிப் பிடிஎஃப் அனுப்புங்க.

அச்சுப்பட்டறை: மாதிரிப் பையில் நாலு புடவை திணிச்சுப் பாருங்க. பையின் வயிறு உப்பினால் தலையின் வடிவமே மாறும்.