மஹிந்திரா தார் வண்டியில் 7 அங்குலத் தொடுதிரையை மாற்றலாமா?

கேள்வி: 2021 தார் வைத்திருக்கிறேன். கடையில் 10 அங்குலத் திரை போடச் சொல்கிறார்கள். மலைப்பாதைக்குச் சரிவருமா?

பதில் 1: வேண்டாம் நண்பா. ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கினால் முன்னால் வானம்தான் தெரியும், பானெட் ஓரத்தை வைத்துத்தான் பாறை எங்கே என்று கணக்குப் போடுவோம், திரை உயர்ந்து நின்றால் அதுவும் போச்சு. இரவில் அந்த வெளிச்சம் வேறு கண்ணைக் கூசும். மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு மலைப்பாதையில் நான் போன ஜீப்பில் திரையே இல்லை!

பதில் 2: குலுக்கலில் சேற்று விரலோடு தொட்டால் வேறெதுவோ திறக்கும். ஏசிக்குத் திருகும் குமிழ்தான் வசதி, பார்க்காமலே கை போகும். ஆனால் ரிவர்ஸ் கேமராவுக்குப் பெரிய திரை நல்லதுதான், அதை மறுக்க மாட்டேன்.

கேட்டவர்: சரி, அந்தக் காசில் டயர் மாற்றிக்கொள்கிறேன்.