கேஈ70 கரோலாவுக்கு 5கே எஞ்சின்: இரவில் ஓடினால் வெப்ப முள் ஏறுகிறது, உதவி தேவை

களுவாஞ்சிக்குடிக் கரோலா (ஞாயிறு இரவு)

வணக்கம். அப்பா காலத்துக் கரோலா கேஈ70 ஒன்று வீட்டில் நிற்கிறது. அதன் 4கே எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கி, பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுமளவுக்குப் புகை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் லைற்ஏஸ் வேனில் கழற்றிய 5கே ஒன்று கிடைத்தது. 1290 சீசீ போய் 1486 சீசீ வந்தது. கியர்பொக்ஸ் பழையதுதான். வேனின் சம்ப் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் தொட்டி) கீழே இடித்ததால் பழைய 4கே சம்பை மாற்றிப் பூட்டினோம். காபரேற்றரும் பழையதுதான், எக்ஸிலேற்றர் கேபிள் சுலபமாய்ப் பொருந்தியது.

இப்போது சிக்கல்கள்:

காலையில் திறப்பைத் திருகினால் ஸ்டாட்டர் சோம்பலாய்ச் சுற்றும். பற்றரி புதியது, நின்றபடி 12.6 வோல்ற்று காட்டுகிறது.

பகலில் ஓடினால் வெப்ப முள் நடுவில் நிற்கும். இரவில் ஓடினால் சிவப்புக்குக் கிட்டப் போகிறது. கல்முனைக்குப் போய்த் திரும்பும்போது கோட்டைக்கல்லாறுப் பாலத்தடியில் பயந்து நிறுத்திவிட்டேன். தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவுமில்லை.

எக்ஸிலேற்றர் மிதிக்க இறுக்கமாய் இருக்கிறது. நேற்று ரப்பர் கருகியதுபோல் மணமும் வந்தது.

வேகம் எழுபதுக்கு மேல் போனால் எஞ்சின் ஓட்டம் விட்டு ஒரு வெட்டு வெட்டும்.

எஞ்சினைப் பூட்டிய மெக்கானிக் பாஸ் "புது எஞ்சின், ஓட ஓடச் சரிவரும்" என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

செங்கலடி டிரைவர்

ரேடியேற்றர்தான் தம்பி. எஞ்சின் பெரிசாயிற்று, ரேடியேற்றர் பழைய அளவு. கழற்றிக் குழாய்களைக் குத்தித் துப்புரவாக்கு. தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறி, நம்முடைய வெயிலுக்கு அது தேவையில்லை.

களுவாஞ்சிக்குடிக் கரோலா

ரேடியேற்றர் போன மாதம்தான் துப்புரவாக்கினது அண்ணன். தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் கொதிதண்ணீர் வைத்துப் பார்த்தேன், திறக்கிறது.

நிந்தவூர் வயர்மன்

தெர்மோஸ்டாட்டை எறியாதே. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெற்றோல்தான் வீணாகும்.

நீ எழுதியதில் ஒரு சொல்லில் நான் நிற்கிறேன்: இரவில். இரவில் காற்று குளிர்ந்துதானே இருக்கும், எஞ்சின் ஏன் கூடச் சூடாக வேண்டும்? வாகனத்தை வளவுக்குள் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றைப் போட்டுப் பார். முள் ஏறுகிறதா? அணைத்ததும் இறங்குகிறதா? தண்ணீர் உண்மையில் சூடானால் லைற்றை அணைத்த கையோடு ஆறாது.

மறுகா, பற்றரி மைனசிலிருந்து போகும் வயர்கள் எங்கெங்கே பூட்டியிருக்கு என்று ஒரு படம் அனுப்பு.

களுவாஞ்சிக்குடிக் கரோலா (திங்கள்)

காக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது! லைற் போட்டதும் முள் மெல்ல ஏறியது, அணைக்க இறங்கியது. மூன்று தரம் செய்து பார்த்தேன். மைனஸ் வயர் ஒன்றுதான், மட்காட்டுக்குப் பக்கத்தில் பொடியில் (வாகனத்தின் உடலில்) பூட்டியிருக்கு. எஞ்சினுக்கு ஒன்றும் போகவில்லை.

நிந்தவூர் வயர்மன்

அப்படியென்றால் பிடித்துவிட்டோம். எஞ்சினுக்கு ஏர்த் இல்லை, அதாவது கரண்ட் பற்றரி மைனசுக்குத் திரும்பும் வயர் இல்லை. எஞ்சினை இறக்கும்போது கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை, இல்லாவிட்டால் உக்கியிருந்த வயரை வீசிவிட்டார்கள்.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். ரப்பருக்குள்ளால் கரண்ட் போகாது. ஸ்டாட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும், அது திரும்பப் பற்றரி மைனசுக்கு வர வழி தேடும். வழி இல்லாததால் எக்ஸிலேற்றர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த இரும்புக்குள்ளால் வருகிறது. மெல்லிய கேபிள், சூடாகி உறை இளகும், பிடிக்கும். உன் ரப்பர் மணம் அதுதான். இனி ஸ்டாட் பண்ணாதே, கேபிள் எரியும்.

முள்ளின் கதையும் இதுதான். வெப்ப சென்சர் எஞ்சினில் திருகியிருக்கு, ஏர்த் எடுப்பதும் எஞ்சினில். லைற் போட்டதும் அல்டனேற்றர் கூட உழைக்கும். அந்தக் கரண்டும் பொடியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்ப நல்ல பாதை இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் வோல்ற்று வித்தியாசம் விழும். மீற்றருக்கு அது கூடுதல் வோல்ற்று. சூடு ஏறாமலே முள் ஏறும்.

என் பேச்சை நம்பாமல் அளந்து பார். பிளக்குக்குத் தீப்பொறி தரும் கொயிலுக்கு வரும் பிளஸ் வயரைக் கழற்றி முனையில் ரேப் சுற்று, எஞ்சின் பிடிக்காது. மல்ரிமீற்றரை டீசீ 20 வோல்ற்றில் வை. சிவப்பு முனை எஞ்சினின் வெற்று இரும்பில், கறுப்பு முனை பற்றரியின் மைனஸ் கட்டையில். இந்தச் சோதனைக்கு மட்டும் யாராவது இரண்டே இரண்டு செக்கன் ஸ்டாட்டரைச் சுற்றட்டும். அரை வோல்ற்றுக்குள் இருந்தால் ஏர்த் நல்லது.

களுவாஞ்சிக்குடிக் கரோலா (செவ்வாய்)

3.1 வோல்ற்று.

அயல்வீட்டு ஜம்ப் கேபிளை வாங்கி, பற்றரி மைனசிலிருந்து நேரே எஞ்சின் போல்ற் ஒன்றில் மாட்டினேன். ஸ்டாட்டர் சுற்றிய வேகத்தில் தம்பி துள்ளி விலகினான். மீற்றரில் 0.2.

நிந்தவூர் வயர்மன்

ஜம்ப் கேபிளோடு ஓடித் திரியாதே. தடித்த பற்றரி வயரில் ஒன்று வெட்டி இரண்டு பக்கமும் லக் (போல்ற்றில் மாட்டும் முனை) அடித்து, ஒரு முனை பற்றரி மைனசுக்கு, மறுமுனை கியர்பொக்ஸ் போல்ற்றுக்கு. பூட்டும் இடத்தில் பெயின்ற், துரு எல்லாம் சுரண்டு. பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசு. நாங்கள் இருப்பது கடற்கரை, உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பிடித்துவிடும். எக்ஸிலேற்றர் கேபிளைப் புதிதாய்ப் போடு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். போகிற வழியில் மிதி சிக்கினால் என்ன ஆகும் என்று யோசி.

செங்கலடி டிரைவர்

ரேடியேற்றர் கதையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சம்ப் மாற்றியதாய்ச் சொன்னாயே, உள்ளே ஒயில் உறிஞ்சும் வடியையும் அந்தச் சம்புக்குரியதாய் மாற்றினார்களா? சம்பின் பள்ளம் ஒரு பக்கம், வடி இன்னொரு பக்கம் என்றால் பிறேக் பிடிக்கும்போது ஒயில் லைற் மினுங்கும்.

களுவாஞ்சிக்குடிக் கரோலா (சனி)

பாஸிடம் கேட்டேன், வடியும் பழைய 4கே உடையதுதானாம். பிறேக்கை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன், லைற் மினுங்கவில்லை.

ஏர்த் வயரும் கேபிளும் போட்டாயிற்று. நேற்று இரவு லைற் போட்டுக்கொண்டு மட்டக்களப்புவரை போனேன். கல்லடிப் பாலம் தாண்டும் வரையும் முள் நடுவில்தான், நகரவேயில்லை. ஆனால் எழுபதில் அந்த வெட்டு இன்னும் இருக்கு. பிளக் நான்கையும் கழற்றினேன், எல்லாம் வெள்ளை.

நிந்தவூர் வயர்மன்

வெள்ளை என்றால் பெற்றோல் போதவில்லை. முதலில் இன்ரேக் மனிபோல்ட் கஸ்கற்றைச் சுற்றிக் காபரேற்றர் கிளீனரைக் கொஞ்சம் அடித்துப் பார். எஞ்சின் ஆறியிருக்கும்போது செய், சைலன்சர் பக்கம் படவிடாதே. அடித்த இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. மாறாவிட்டால் 4கே காபரேற்றரின் மெயின் ஜெற் (பெற்றோல் போகும் துளை) 5கேக்குச் சிறிதாய் இருக்கும். ஒரு அளவு பெரிசு போடு, அல்லது 5கே காபரேற்றர் தேடு. அதுவரை எழுபதைத் தாண்டாதே, பெற்றோல் குறைந்து ஓடினால் வால்வுக்குக் கூடாது.

இன்னொன்று. சீ.ஆர். என்னும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றினாயா? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள், எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைக்காதே.

களுவாஞ்சிக்குடிக் கரோலா

பற்றுச்சீட்டு அப்பாவின் அலுமாரியில் இருக்கு காக்கா. கிளீனர் வாங்க இப்போதே கல்முனைக்குப் போகிறேன், அறுபதில்தான்.