மறு: ஃபோர்ஷேடோயிங் – ‘முன்குறி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கதையில் பின்னால் வரப்போவதை முன்னாலேயே மறைவாகச் சுட்டிவைக்கும் ‘ஃபோர்ஷேடோயிங்’ உத்திக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. முன்நிழல், முன்னறிவிப்பு, முன்னுணர்த்தல், வித்து, நிமித்தம் என்று நண்பர்கள் இதுவரை சொன்ன சொற்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய சிறுகதைகள் சிலவற்றை மறுபடி படித்தேன். அகராதியைப் புரட்டியதைவிட அது பயனாக இருந்தது. உத்தி கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் பெயர் வைத்தால், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய கதைதான்.

யாருக்காக இந்தச் சொல் என்பதை வெளிநாட்டு நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் உயர்நிலை மாணவர் ஃபோர்ஷேடோயிங், ஐரனி எல்லாம் படித்துவிட்டு அடுத்த பாடவேளையில் தமிழ்ச் சிறுகதைக்கு வருகிறார். அதே உத்தி அங்கேயும் இருப்பதைச் சட்டென்று பிடித்துவிடுகிறார். எழுதச் சொன்னால்தான் “முன்னாடியே ஹின்ட் கொடுத்துட்டாரு” என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கடிக்கிறார். அந்த மாணவர் விடைத்தாளில் கூச்சமில்லாமல் எழுதக்கூடிய சொல்தான் நமக்கு வேண்டும்.

> ‘முன்நிழல்’ அழகு. சொல்லுக்குச் சொல் ஒத்தும் வருகிறது.

ஒத்து வருவதுதான் எனக்கு இடிக்கிறது. தமிழில் நிழல் என்றால் பெரும்பாலும் ஆறுதல். குடைநிழல், தாள்நிழல் என்றுதான் பாடி வைத்திருக்கிறார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. நம் ஊர் வெயிலில் நண்பகலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிற பிள்ளையிடம், வரப்போகும் கேட்டின் நிழல் முன்னே விழுகிறது என்றால் அது எப்படி ஒட்டும்?

> ‘முன்னறிவிப்பு’ எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதற்கு?

அறிவித்துவிட்டால் உத்தியே போய்விடும் என்பதால்தான். மாப்பசானின் ‘நெக்லஸ்’ (1884) கதையைப் பாருங்கள். மத்தில்தா தோழியிடம் இரவல் வாங்கிய வைர மாலையைத் தொலைத்துவிடுகிறாள். கணவனும் அவளும் வெற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே பெயர் இருந்த நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாலையை நான் விற்கவில்லை, பெட்டியை மட்டும்தான் கொடுத்திருப்பேன் என்கிறார். அவ்வளவுதான், கதை அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறது. அலைச்சலில் இதுவும் ஒரு கதவு மூடிய கணக்கு என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

36,000 ஃபிராங்குக்கு வேறு மாலை வாங்கிக் கொடுத்து, பத்து வருடம் கடனில் உழைத்துத் தேய்ந்த பிறகுதான், தொலைந்தது போலி, மிஞ்சினால் 500 ஃபிராங்க் பெறும் என்று தெரிகிறது. அப்போது திரும்பிப் போய்ப் பாருங்கள். பெட்டி ஒரு கடை, மாலை வேறு கடை. மாலை அந்தப் பெட்டியோடு பிறந்ததே இல்லை. சேதி அங்கேயே, கடைக்காரர் வாயிலேயே கிடந்திருக்கிறது. அதுவுமல்லாமல், இரவல் கேட்டபோது தோழி கொஞ்சமும் தயங்காமல் எடுத்துக்கொள் என்றாளே, அதையும் பெருந்தன்மை என்றுதானே படித்தோம்?

இதில் முன்கூட்டி யாரும் எதையும் அறிவிக்கவில்லை. முதல் வாசிப்பில் பெரும்பாலோர் உணர்வதும் இல்லை. ஆகவே ‘முன்னுணர்த்தல்’ என்பதும் எனக்கு முழுக்கச் சம்மதமில்லை. இருந்தது முன்னே, தெரிந்தது பின்னே. சொல்லில் இந்த இரண்டுக்கும் இடம் வேண்டும். ‘முன்னறிவிப்பு’ வீண்போக வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ அவள் இறந்துபோவதிலேயே தொடங்குகிறது, அப்புறம்தான் கதை பின்னால் போகிறது. அந்த மாதிரி முடிவை முதலில் போட்டு உடைப்பதற்கு அது கச்சிதம்.

> ‘வித்து’? அடியார்க்கு நல்லாரே சொல்லியிருக்கிறார்.

இந்த மடலைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அவர், நாடகக் கதை வளரும் கட்டங்களான சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்தாக வகுத்து, உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பதில் தொடங்கி, நாற்றாகி, கருவாகி, விளைந்து, அறுத்து உண்பதுவரை கொண்டுபோகிறார். கதைப்பின்னலைப் பற்றி இவ்வளவு துல்லியமான வரிசை கையில் இருக்க, நாம் கிளைமாக்ஸ் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். வித்து பயிரை உண்டாக்குகிறது. கடைக்காரர் சொன்ன பெட்டிச் சமாசாரம் எதையும் உண்டாக்கவில்லை. அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தாலும் கதை அப்படியே முடிந்திருக்கும். ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’யை (1948) எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கிராமத்துப் பையன்கள் கற்களைப் பொறுக்கிக் குவிக்கிறார்கள், விடுமுறை விளையாட்டு என்று நினைக்கிறோம். கடைசியில் குலுக்கலில் சீட்டு விழுந்தவள் மேல் அந்தக் கற்கள்தான் பாய்கின்றன. அது வித்து, முளைத்துப் பயன்பட்டுவிட்டது. ஆகவே பின்னால் கட்டாயம் பயன்படப்போகும் பொருளை முன்னால் வைப்பதற்கு ‘வித்து’ என்றும், அது பலிக்கும் இடத்துக்கு ‘விளைவு’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். கற்கள் குறியாகவும் நிற்கின்றனவே என்று கேட்டால், ஆமாம், இரண்டும்தான்.

சரி, என் பரிந்துரை ‘முன்குறி’. அறிகுறி என்ற சொல் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். காய்ச்சலின் அறிகுறி காய்ச்சலை உண்டாக்குவதில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் பல நேரம் நோய் முற்றிய பிறகுதான், அடடா, அது அதற்குத்தானா என்று படுகிறது. நகைப்பெட்டி செய்வதும் அதையேதான்.

எதிர்ப்புகள் வரும். தனிமடலில் வந்தும்விட்டன.

குறி என்றால் குறிசொல்வதாக ஆகிவிடாதா, சிங்கப்பூர்த் தேக்காவின் அஞ்சடியில் (கடைகளின் முன்நடையில்) கிளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜோசியர் நினைவு வராதா என்கிறார் ஒரு நண்பர். வரட்டுமே. கிளி எடுத்த சீட்டுக்கும் பொருள் பின்னால்தான் விளங்குகிறது.

கிறிஸ்தவ நண்பர் ஒருவர், வேதாகமத் தமிழில் ‘முன்குறித்தல்’ என்பது கடவுள் ஒருவரை முன்னமே தேர்ந்து நியமிப்பது என்று நினைவூட்டினார். கனமான ஆட்சேபம். பெயர்ச்சொல்லாக ‘முன்குறி’ என்று நிறுத்திக்கொண்டு, வினைக்கு ‘முன்குறி வைத்தல்’ என்றால் மோதல் குறையும். கதாசிரியர் தன் பாத்திரங்களுக்குச் செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதானே என்பது என் சொந்தக் குறும்பு.

உயர்நிலை முதலாம் ஆண்டுப் பையன்கள் சிரிப்பார்கள் என்கிறார் ஓர் ஆசிரியை. சிரிப்பார்கள். கேள்விக்குறிக்கும் நிறுத்தற்குறிக்கும் சிரித்துவிட்டுத்தான் பழகினார்கள்.

இலக்கணப்படி ‘முற்குறி’ ஆகாதா என்றால், முன்கோபம் முற்கோபம் ஆகவில்லை. பிள்ளைகள் பார்த்ததும் பிரித்துப் புரிந்துகொள்ளும் வடிவம் போதும்.

‘நிமித்தம்’ ஏன் கூடாது என்ற கேள்விக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிப்பது நிமித்தம், அதாவது சகுனம். அதற்குக் கதையின் உலகத்திலேயே பொருள் உண்டு. பெண்ணுக்கு இடம் நல்லது, வலம் கெட்டது என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் காத்திருந்து கேட்கும் விரிச்சியும், அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைச் சகுனமாகக் கொள்வதும், அப்படியே. ஓர் ஆய்மகள் கன்றைப் பார்த்து, உன் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். அவர்கள் அதைத் தலைவன் வருவான் என்ற நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். பாத்திரங்களே படித்துக்கொள்ளும் குறி இது. நகைப்பெட்டியை மத்தில்தா படிக்கவில்லை, அது வாசகருக்கு வைத்தது. நிமித்தம், விரிச்சி இரண்டையும் முன்குறியின் வகைகளாகச் சேர்த்துக்கொள்ளலாம், பொதுப்பெயராக வேண்டாம்.

கடைசியாக, இழையில் சிலர் நாடக முரணையும் (பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பது) இதையும் கலக்கிறார்கள். வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் நாகராஜன் தன் திட்டத்தை நண்பனிடம் சொல்வதை மரம் கேட்கிறது, அதனால் நாமும் கேட்கிறோம். அவன் மனைவி ருக்மிணிக்கு மட்டும் தெரியாது. அங்கே நம்மிடம் எதுவும் ஒளிக்கப்படவில்லை, தெரிந்துகொண்டே தவிக்கிறோம். முன்குறியில் ஒளித்தது நம்மிடமிருந்தே. தேர்வுத்தாளில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் உண்டோ இல்லையோ, சொல்பட்டியலில் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

வாசகரை வேண்டுமென்றே தவறான பக்கம் திருப்பும் குறிக்குப் ‘பொய்க்குறி’ என்று தானாகவே கிடைத்துவிடுகிறது. துப்பறியும் கதை படிப்பவர்கள் அதைச் சோதித்துச் சொல்லுங்கள். ‘வித்து – விளைவு’ இணைக்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘முன்னுணர்த்தல்’ பக்கம் நிற்பவர்கள், முதல் வாசிப்பிலேயே முடிவை உணரவைக்கும் தமிழ்ச் சிறுகதை ஒன்றையாவது சான்றாகக் காட்டினால் நான் மறுபடி யோசிக்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து