ஒரே கம்ப்யூட்டர், ஆளுக்கொரு கணக்கு, ஸ்பீக்கர் மட்டும் ஒன்று: உங்கள் அனுபவம் என்ன?

மூனாங்கட்டை:

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில், கோவிலை ஒட்டி எங்கள் படிப்பகம். உள்ளே ஒரே ஒரு டெஸ்க்டாப், விண்டோஸுக்குப் பதில் அதில் லினக்ஸ் மிண்ட் 21 ஓடுகிறது. படிவம் ஐந்து பிள்ளைகள், கோவில் இளைஞர்கள், கணக்கு எழுதும் செயலாளர், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா என்று எல்லாருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

ரொம்ப நாளாக ஒரே புகார்: "சத்தம் வரல." சில நாள் வரும், சில நாள் வராது. ஒலி அமைப்பைத் திறந்தால் சவுண்ட் கார்டின் பெயரே இருக்காது, 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதனால் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ரீஸ்டார்ட் செய்யப் பழகிவிட்டார்கள். செயலாளர் சேமிக்காமல் வைத்திருந்த கணக்கு அப்படித்தான் ஒரு முறை போனது. புது ஸ்பீக்கர் மாற்றியும் பார்த்தார்கள், பலனில்லை.

துப்பு கிடைத்தது ஒரு பையனால். யூடியூப் பாடத்தில் சத்தம் வரவில்லை என்று ஸ்பீக்கர் திருகை முழுக்கத் திருப்பியிருக்கிறான். பாடம் கேட்கவில்லை, மின்னல் எஃப்எம் கேட்டது! பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தான். அது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே வந்த சத்தம். அக்கா மாலையில் வந்து இணையத்தில் மின்னல் கேட்பார். கிளம்பும்போது திருகைக் குறைப்பாரே தவிர, பிரவுசரை மூடுவதும் இல்லை, லாக் அவுட் செய்வதும் இல்லை. அடுத்து வருபவர் 'ஸ்விட்ச் யூசர்' தட்டித் தன் கணக்கில் நுழைவார். அக்காவின் கணக்கில் ரேடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்தி வரும் சாதாரண ஆன்போர்டு சவுண்ட் கார்டு ஒரு நேரத்தில் ஒரே புரோகிராமிடமிருந்துதான் ஒலியை வாங்கும். பல செயலிகளின் சத்தத்தைக் கலந்து அதற்குக் கொடுப்பது பல்ஸ்ஆடியோ என்ற பின்னணி புரோகிராம். அந்தப் பல்ஸ்ஆடியோ கணக்குக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓடுகிறது. அக்காவுடையது கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் பையனுடையதற்குக் கதவு திறக்காது. ஓசை எதுவும் ஓடாவிட்டால் சில நொடிகளில் அதுவே கார்டை விட்டுவிடும். சில நாள் வந்ததும் சில நாள் வராததும் இதனால்தான்.

ஆனால் லினக்ஸில் இதற்கெல்லாம் ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது, அது ஏன் இங்கே வேலை செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. திரைக்கு முன்னால் இப்போது யார் இருக்கிறார் என்பதை லாகின்டி (லினக்ஸின் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஒரு பகுதி) கவனித்து, அவருக்கு மட்டும் ஒலிச் சாதனங்களைத் திறக்கும் அனுமதியைக் கொடுக்கும். ஆள் மாறினால் முன்னவரிடமிருந்து பறித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். அனுமதி போனதைப் பார்த்ததும் முன்னவரின் பல்ஸ்ஆடியோ கார்டை விட்டுவிட வேண்டும்.

இங்கே ஏன் விடவில்லை? எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, ஏதோ பழைய வழிகாட்டியைப் படித்துவிட்டு எல்லாரையும் 'ஆடியோ' குழுவில் சேர்த்திருந்தார். லினக்ஸில் சவுண்ட் கார்டும் கோப்புகளாகத்தான் தெரியும்; அந்தக் குழுவில் இருப்பவருக்கு அந்த ஒலிச் சாதனக் கோப்புகளில் நிரந்தர உரிமை. லாகின்டி தன் அனுமதியைத் திரும்ப வாங்கினாலும் குழு உரிமை அப்படியே நிற்கும். அனுமதி போகவே இல்லை என்று பல்ஸ்ஆடியோ நம்பிக்கொண்டிருக்கும். 'சத்தம் வரலையா, ஆடியோ குழுவில் சேர்' என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அது பெரிதாகத் தெரியாது, ஐந்தாறு பேர் புழங்கும் இடத்தில் அதுவே நோய்.

எல்லாரையும் குழுவிலிருந்து எடுத்தேன், பிரச்சினை போய்விட்டது. அக்காவுக்குத்தான் வருத்தம். பையன் இடையில் உள்ளே நுழைந்தால் அவர் ரேடியோ சட்டென்று அடங்கிவிடுகிறது. திரும்பத் தன் கணக்குக்கு வந்தால் மறுபடி ஓடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் இடங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கதைப்போட்டி டீச்சர்:

அண்ணே, நீங்கள் ஸ்பீக்கரைச் சொன்னீர்கள். நான் மைக்கைச் சொல்கிறேன், அதுதான் பயங்கரம்.

நான் மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடத்திலும் இப்படி ஒரு பொதுக் கம்ப்யூட்டர். ஒரு மாணவி கதை சொல்லும் போட்டிக்குத் தன் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அம்மா வாசலில் ஹாரன் அடித்ததும் ரெக்கார்டரை நிறுத்தாமல் ஓடிவிட்டாள். நான் ஸ்விட்ச் யூசர் போட்டு என் கணக்கில் நுழைந்தேன். என் கணக்கில் மைக் கிடைக்கவில்லை, சரி என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு பெற்றோரிடம் கைப்பேசியில் பேசினேன். பிள்ளையின் வீட்டு நிலவரம், கட்டணப் பாக்கி, எல்லாம். மறுநாள் அவள் கோப்பைத் திறந்தால் கரடியும் முயலும் பேசி முடித்த பிறகு என் குரல்! நல்ல பிள்ளை, உடனே என்னிடம் காட்டி அழித்துவிட்டாள்.

அங்கேயும் எல்லாரும் ஆடியோ குழுவில்தான் இருந்தார்கள் என்று இப்போது புரிகிறது. கம்ப்யூட்டர் முன்னால் இல்லாத ஒருவர், வேறு இடத்திலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து லாகின் செய்யும் முறை) வழியாக நுழைந்துகூட அறையின் மைக்கைத் திறக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

மூனாங்கட்டை:

ஆமாம் டீச்சர், அதே அர்த்தம்தான். குழுவில் இல்லாதவர் எஸ்எஸ்எச்சில் வந்தால் அவருக்கு ஒலிச் சாதனம் திறக்காது, ஏனென்றால் அவர் திரைக்கு முன்னால் இல்லை.

தேவாரக்குழு:

எல்லாரையும் எடு என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எங்களுக்கு வேண்டியது நேர் எதிர். கோவில் அலுவலகக் கம்ப்யூட்டரில் காலையும் மாலையும் தேவாரம் ஒலிக்க வேண்டும். யார் உள்ளே நுழைந்திருந்தாலும் சரி, யாருமே நுழையாமல் இருந்தாலும் சரி. தைப்பூசச் சமயத்தில் ரசீது எழுத நான்கைந்து பேர் மாறி மாறி உட்காருவார்கள், ஒவ்வொரு முறையும் பதிகம் நடுவில் நின்றால் குருக்கள் எங்களைச் சும்மா விடுவாரா?

முதலில் பல்ஸ்ஆடியோவை மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றாக ஓட்டலாம் என்று பார்த்தோம். அப்படி ஒரு முறை இருக்கிறது, ஆனால் அதை உருவாக்கியவர்களே வேண்டாம் என்கிறார்கள். அதில் இணைந்த ஒருவர் மற்றவர் ஒலியையும் மைக்கையும் கேட்க முடியும். டீச்சர் சொன்ன கதைதான்.

கடைசியில் செய்தது: எம்பிடி என்ற பாட்டுச் சேவையைத் தனிக் கணக்கில் ஓட விட்டோம். அந்தச் சேவைக் கணக்கு மட்டும் ஆடியோ குழுவில். ஆன்போர்டு கார்டு அதற்கே சொந்தம், கோவில் ஆம்ப்ளிஃபையருக்கு அங்கிருந்து ஒயர் போகிறது. மற்றவர்களுக்கு விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டும் ஹெட்செட்டும், விலை சொற்பம். எல்லாருடைய பல்ஸ்ஆடியோவும் ஆன்போர்டைக் கண்டுகொள்ளாதபடி, சாதனங்களை அடையாளம் காணும் லினக்ஸின் யூடெவ் பகுதிக்கு விதி ஒன்று எழுதினோம். கணக்குக்குக் கணக்கு வால்யூம் கன்ட்ரோலில் அந்தக் கார்டை 'ஆஃப்' செய்தாலும் போதும், ஆனால் புதுக் கணக்கு திறக்கும்போது யாராவது மறந்துவிடுவார்கள்.

மூனாங்கட்டை:

நீங்கள் செய்தது சரி. ஆளே இல்லாத சேவைக்குத்தான் அந்தக் குழு பொருத்தம். மனிதர்களை அதில் போடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

கித்தாக்காடு:

எங்களிடம் லினக்ஸ் இல்லை, செம்பனை ஆலை அலுவலகத்தில் விண்டோஸ்தான். ஒரு ஆள் இசை அமைக்கும் மென்பொருள் திறந்து வைத்தால் மற்ற எல்லாச் சத்தமும் செத்துவிடும். சவுண்ட் அமைப்பில் அந்த ஸ்பீக்கரின் பண்புகளுக்குப் போய், 'அட்வான்ஸ்ட்' தாவலில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' கீழ் இருக்கும் டிக்கை எடுத்தேன். செயலி கார்டைத் தனக்கே என்று பிடித்துக்கொள்ளும் உரிமை அது. எடுத்த பிறகு தொந்தரவு இல்லை. அந்த ஆள் மட்டும் ஒலி தாமதமாகிறது என்று முணுமுணுக்கிறார், அலுவலக நேரத்தில் பாட்டு எதற்கு லா.

கதைப்போட்டி டீச்சர்:

ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் இதே கதையா? ஒருவர் இணைத்துவிட்டுப் போனால் அடுத்தவருக்கு வருவதில்லை.

மூனாங்கட்டை:

பல்ஸ்ஆடியோவில் அந்தச் சண்டை உண்டு, இரண்டு பேருடையதும் ஒரே ஸ்பீக்கருக்கு நிற்கும். பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பிடித்த பைப்வயர் வந்த பிறகு பரவாயில்லை. அதன் கூடவே ஓடும் வயர்ப்ளம்பர், திரைக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும் ப்ளூடூத்தைக் கொடுக்கிறது. மிண்டுக்கு அடிப்படையான உபுண்டுவில் 22.10 முதல் பைப்வயர்தான், மிண்டில் 22 முதல். எங்கள் படிப்பகத்தையும் பள்ளி விடுமுறையில் 22க்கு மாற்றலாம் என்றிருக்கிறேன்.

கதைப்போட்டி டீச்சர்:

இன்றைக்கே எல்லாரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன் அண்ணே. ஆனால் அப்புறமும் பழையபடிதான், அந்த மாணவியின் கணக்கு கார்டை விடவில்லை.

மூனாங்கட்டை:

அவள் இன்னும் உள்ளே இருக்கிறாளா பாருங்கள். குழு மாற்றம் அடுத்த லாகினில்தான் செல்லும், ஏற்கெனவே ஓடுகிற புரோகிராம்கள் பழைய உரிமையோடேயே ஓடும். எல்லாரையும் சேமிக்கச் சொல்லிவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு, ஒரு கோப்பில் யார் யாருக்கு அனுமதி என்று காட்டும் 'கெட்எஃப்ஏசிஎல்' கட்டளையை ஒலிச் சாதனக் கோப்பின் மேல் ஓட்டினால், திரைக்கு முன்னால் இருப்பவரின் பெயர் தனி வரியில் வர வேண்டும். ஆள் மாறினால் அந்த வரியும் மாற வேண்டும். மாறவில்லை என்றால் வந்ததை அப்படியே இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.